கை நேரம்

அநியாயம் நடந்தது துளசிமணிக்கு. அவள் கணவன் ஓதியப்பனைக் கொறங்காட்டூர்ச் சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள், உள்ளே இருப்பது காற்றல்ல நஞ்சு என்று தெரிந்தே, மூக்கை மூட ஒரு துணிகூடக் கொடுக்காமல் அடைப்பெடுக்க இறக்கினார்கள்; பிணமாகத் தூக்கிய பிறகு, அவனை யாரும் இறங்கச் சொல்லவில்லை, குடித்துவிட்டு அவனாகவே இறங்கினான் என்றார்கள்; அன்றைக்கென்று பார்த்துக் கேமரா ஓடவில்லை என்றார்கள்; தொட்டி விளிம்பில் வாளிக் கயிற்றோடு நின்றிருந்த சென்னியப்பன் மட்டும் இழவு வீட்டில் அவள் காலடியில் உட்கார்ந்து, "யார் வந்து கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்றேன்க்கா, அண்ணன் மேல சத்தியம்" என்று அழுதான். அந்தச் சத்தியத்தையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கியவர்கள் மனிதர்களாக இருந்தால் அவர்கள் வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். அவர்கள் மனிதர்கள் இல்லை.

கருமாதி முடிந்த மறுவாரம், பட்டறைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் பிற்பகல் டீ ஊற்றும் வேளையில், கொறங்காட்டூரில் இருந்தவர்கள் தலைமீதெல்லாம் ஒரு கை வந்து அமர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கை. உள்ளங்கை உச்சியிலும் விரல்கள் பிடரி நோக்கியுமாக, அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த துணியின் சூட்டோடு, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தாய் தொடுகிற எடையோடு அது அமர்ந்தது. அமர்ந்ததும் கண்கள் தாமாக மூடிக்கொண்டன, காதுகளும் அடைத்துக்கொண்டன, லாரி ஹாரன் அடித்தாலும் கேட்கவில்லை, பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்கவில்லை. ஊற்றிய டீயில் ஆடை கட்டும் நேரம்வரை இருந்துவிட்டு, வந்ததுபோலவே எழுந்து போனது. டீக்கடை ஹனீபா பாய் கண் திறந்தபோது டம்ளர் நிறைந்து மேசை நிறைந்து தரையெல்லாம் டீ ஓடியிருந்தது. கறுப்புச் சட்டை தவிர வேறு போடாதவரும் கடவுள் இல்லை என்று கடைப்பலகையிலேயே எழுதிவைத்தவருமான சலூன்காரர் அறிவழகன், ஒரு பக்கக் கிருதா மட்டும் எடுத்த ஆளின் பின்னால் கத்தரியைப் பிடித்தபடி கன்னம் நனைய நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வருவது நிச்சயம் என்றானதும் ஊர் அதைத் தன் பிழைப்போடு சேர்த்துக்கொண்டது. மினி பஸ் அந்த நேரத்துக்குப் பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டியது. தறிகள் நின்றன, சாயத் தொட்டிகளின் மோட்டார் நின்றது. சாப்பிட்டாச்சா என்று கேட்ட வாய்கள் கை வந்துச்சுங்களா என்று கேட்டன. பெண்கள் உச்சியில் பூ வைப்பதை விட்டுக் காதோரம் வைத்தார்கள், தலைப்பாகை கட்டியவர்கள் அவிழ்த்துத் தோளில் போட்டார்கள், தங்களுக்கு மட்டும் நடுவில் தடையில்லாமல் நேராகப் படுகிறது என்று வழுக்கைத் தலையர்களுக்கு ஒரு பெருமை வந்தது, அதைப் பார்த்து இளவட்டங்கள் மொட்டை போட்டுக்கொண்டார்கள். யாருடைய கை என்பதில் சண்டை வரவில்லை. மாகாளியம்மன் கை என்றவர்களுக்கு நெற்றியோரம் வளையல் உரசியது. ஆஸ்பத்திரி எஸ்தர் சிஸ்டருக்கு உள்ளங்கையின் நடுவில் ஒரு தழும்பு தட்டுப்பட்டது. பாய்க்கு வளையலும் இல்லை தழும்பும் இல்லை, அப்படி எதுவும் இல்லாததிலேயே அது யாரென்று அவருக்குத் தெரிந்தது. படம் பிடிக்க வந்த டிவிக்காரர்கள் கேமராவைத் தரையில் வைத்துவிட்டு அழுதார்கள், அழுதது போதும் என்று திரும்பிப் போனார்கள்.

தறி நிற்கிறதே என்று ஆரம்பத்தில் முகம் சுளித்த முதலாளிகள், சீக்கிரமே கை நேரத்துக்கு மணி அடிக்க ஆள் வைத்தார்கள். ஏனென்றால் கை வந்து போன பிறகு யாரும் எதையும் கேட்பதில்லை. கூலி உயர்வு கேட்டுத் தட்டி எழுதி வைத்திருந்தவர்கள் அதைத் திருப்பிப் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். சாயத் தண்ணீர் கிணற்றில் ஊறி மாடு செத்ததற்கு வழக்குப் போட்டவர், பாவம் அவர்களும் பிழைக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பட்டறை முதலாளி ரத்தினசபாபதியின் தலைமீதும் கை வந்தது. அதே சூடு, அதே எடை.

துளசிமணிக்கு மட்டும் வரவில்லை.

லாரித் தண்ணீர் கடைசித் தெருவுக்கு எப்போதும் பிந்தித்தானே வரும், இதுவும் அப்படித்தான் போல என்று முதலில் காத்திருந்தாள். தலைக்கு ஊற்றிக் காயவைத்து, முந்தானையை விலக்கி, வாசலில் நின்று பார்த்தாள். அவளைத் தாண்டி அவள் மாமியாருக்கு வந்தது, மாமியார் மடியில் கிடந்த பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக்கூட வந்தது என்றார்கள். மகனைப் பறிகொடுத்து, சோற்றைக் கையில் எடுத்தாலே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மாமியார், கை வரத் தொடங்கிய பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

"எம்பையன் நல்ல எடத்துல இருக்கறான் மணி. எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீயும் உட்டுரு."

"எப்படித் தெரிஞ்சுதுங்கத்தை?"

"அதையெல்லாஞ் சொல்ல முடியாது. வந்தாத் தெரியும்."

கை நேரத்தில் ஊரில் விழித்திருந்தவள் அவள் ஒருத்திதான். முதல் தடவை பயந்துபோய்த் தெருவில் இறங்கி நடந்தபோது, மனிதர்களெல்லாம் விட்டது விட்டபடி, எடுத்தது எடுத்தபடி, கண் மூடி முகம் மலர்ந்து நிற்க, அவர்களைச் சுற்றி உலகம் மட்டும் தன் பாட்டில் நடந்துகொண்டிருந்தது: அடுப்பில் பால் பொங்கியது, குழாயில் தண்ணீர் ஓடியது, தளர்ந்த மடிகளிலிருந்து குழந்தைகள் சரிந்தன. அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். சரிந்த குழந்தையைத் தூக்கிப் பாயில் கிடத்தினாள். கிணற்று மேட்டில் குனிந்தபடி நின்ற ஒருத்தியை இடுப்பைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். அதற்குப் பிறகு தினமும் அதே வேலை. மணி அடித்ததும் தையல் மெஷினை விட்டு எழுந்து வீடு வீடாக ஓடுவாள், கண்கள் திறக்கும்போது மூச்சு வாங்க எங்காவது சுவரில் சாய்ந்திருப்பாள். ஊர் ஆச்சரியப்பட்டுக்கொண்டது: பார்த்தீங்களா, கை நேரத்துல ஒரு பால் பொங்கினதில்லை, ஒரு குழந்தை விழுந்ததில்லை, வர்றவ சும்மா வரலை, ஊரையே பார்த்துக்கறா.

"அது நானுங்க" என்றாள் துளசிமணி.

தெருவே சிரித்தது. "நெனப்பைப் பாரு! கை வராத கடுப்பு அவளுக்கு."

கேட்கிற நியாயத்தைக் கேட்பார் என்று அறிவழகனிடம் போனாள். கடைப்பலகையில் 'இல்லை' என்ற எழுத்துகள் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தது.

"அம்மிணி, காலமெல்லாம் இல்லைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். மேடை போட்டுச் சொன்னவன். ஆனா தலை மேல கை இருக்கும்போது இல்லைன்னு எப்படிச் சொல்றது? எதிரே நீ நிக்கறே, நான் பார்க்கறேன், நீ இருக்கேன்னு நம்பறேன். இதுவும் அதே மாதிரிதானே?"

"நான் நிக்கறதை நீங்களும் பார்க்கலாம், ரோட்டுல போறவனும் பார்க்கலாம், ரெண்டு பேரும் ஒரே துளசிமணியத்தான் பார்ப்பீங்க. இங்க ஒருத்தருக்கு வளையல், ஒருத்தருக்குத் தழும்பு. உங்களுக்கு என்னங்க?"

அவர் தயங்கினார். "எங்கப்பா கை மாதிரி இருக்கும்."

"அப்ப கை இருக்குதுன்னு சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன். கடவுள்னு ஏன் சொல்றீங்க? ரத்தினசபாபதி தலையிலயும் எங்கத்தை தலையிலயும் ஒரே சூட்டுல வர்ற கைக்கு என்ன தெரியும்? கொன்னவன் யாரு, பறிகுடுத்தவ யாருன்னு அதுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அப்படி வருதா? தெரியாதுன்னா அது கடவுள் இல்லை. தெரியும்னா, அது எனக்கு வேண்டாம்."

"வாதத்துல நீதான் ஜெயிக்கறே" என்றார் அறிவழகன். கடிகாரத்தைப் பார்த்தார், சீப்பைக் கீழே வைத்தார், நாற்காலியில் உட்கார்ந்து தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார். "ஆனா எனக்கு வயசாயிருச்சு அம்மிணி. நேரமாச்சு, நீ போ."

ஒருநாள் அவள் எழுந்திருக்க மாட்டேன் என்று முடிவெடுத்தாள். ஒரு பால் பொங்கட்டும், ஒரு வீட்டில் தண்ணீர் வழியட்டும், அப்போது தெரியும் இந்த ஊரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று. மணி அடித்தது. உள்ளங்கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டில், கண் மூடியிருந்த தாயின் மடியிலிருந்து நழுவிய குழந்தை, விழுந்தது எங்கே என்று தெரியாமல், எரிந்துகொண்டிருந்த விறகடுப்பை நோக்கித் தவழ்ந்து போவது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. அதன் தலையில் கை வந்திருந்தால் அது தவழுமா என்று ஒரு கேள்வி அவளுக்குள் எழுந்தது, அருமையான கேள்வி, ஊரையே மடக்கிவிடக்கூடிய கேள்வி; ஆனால் அதைக் கேட்டு முடிப்பதற்குள் குழந்தை வெந்துவிடும். எழுந்து ஓடினாள். கண் திறந்த தாய், இடுப்பில் தன் குழந்தையோடு நின்ற துளசிமணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா மாகாளி, எம்புள்ளையை என்னைக் கேக்காம யாரும் தொடாமப் பார்த்துக்க" என்றாள்.

இப்படியே நாள் ஓடி, ஓதியப்பன் சாவுக்கு விசாரணை நடத்த அதிகாரி வருகிறார் என்று சேதி வந்தது. துளசிமணி பாய் கடையில் சென்னியப்பனைப் பிடித்தாள். ஆள் சதை போட்டிருந்தான், தூக்கம் வராமல் சிவந்து கிடந்த கண்கள் தெளிந்திருந்தன.

"ஏப்பா சென்னி, வெள்ளிக்கிழமை ஆபீசர் வர்றாரு. சொன்னபடி சொல்லீருவயல்ல?"

அவன் டீயை ஊதினான். "எனக்கு மன்னிப்பு ஆயிருச்சுக்கா."

"யாரு மன்னிச்சா?"

தலையைத் தொட்டுக் காட்டினான்.

"செத்தவரு பொண்டாட்டி நான் இங்க நிக்கறேன், நான் மன்னிக்கலை. நடுவுல அது யாரு மன்னிக்கறதுக்கு?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீ பண்ணினது தெரியும், பரவால்லன்னு சொல்றாப்பல இருக்குது அது. அதுக்கப்புறம் ஆபீசர்கிட்டப் போயி நான் என்னத்தைச் சொல்ல?"

"பரவால்லன்னு சொல்ற அளவுக்கு நீ என்ன பண்ணுனே?"

அவன் டம்ளருக்குள் பார்த்தான். ஹனீபா பாய் துணியை உதறித் தோளில் போட்டபடி, "சாட்சியை மறைக்கறது பெரும் பாவம்ப்பா. கை எனக்கும்தான் வருது, மறைன்னு அது எனக்குச் சொல்லலை" என்றார். சென்னியப்பன் கொஞ்சம் ஆடிப்போனான். ஆடிப்போனவன் அந்த ஊரில் எல்லாரும் செய்வதைச் செய்தான்: பூக் கேட்டுப் பார்க்கலாம் என்றான்.

கொறங்காட்டூரில் பெண் கொடுப்பதானாலும் போர்வெல் போடுவதானாலும் மாகாளியம்மனிடம் பூக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. பூசாரி அரளிப்பூ இரண்டைத் தண்ணீரில் நனைத்து அம்மனின் இரண்டு தோள்களிலும் ஒட்டவைப்பார். வலத்தோள் பூ முதலில் விழுந்தால் சரி, இடத்தோள் பூ விழுந்தால் வேண்டாம். சென்னியப்பன் சாட்சி சொல்லலாமா என்று கேட்டுப் பூ வைத்தார்கள். ஊர் கைகட்டி நின்றது. ரத்தினசபாபதி முன்வரிசையில் நின்றார். அவர் உபயமாகக் கொடுத்த ஸ்டாண்டு ஃபேன், பெயர் எழுதிய தகட்டோடு, அம்மனின் இடப்பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்தது. இடத்தோள் பூ விழுந்தது.

"ஃபேன் காத்துல அந்தப் பக்கத்து ஈரம் காஞ்சு விழுந்துச்சுங்க" என்றாள் துளசிமணி. "நிறுத்திட்டு இன்னொருக்கா வெச்சுப் பாருங்க."

ரத்தினசபாபதி திரும்பினார். கை வரத் தொடங்கியதிலிருந்து அவர் குரல் இளகியிருந்தது. "அம்மிணி, அந்த ஃபேனைச் சுத்த வெக்கறது யாரு?"

"கரண்டுங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"கரண்டுக்கு மேல யாரு?"

"பூ வலத்தால விழுந்தாலும் அவதான், இடத்தால விழுந்தாலும் அவதான், ஃபேன்ல விழுந்தாலும் அவதான். செரி, எது நடந்தா அவ இல்லைன்னு ஒத்துக்குவீங்க? அதை மட்டும் சொல்லீருங்க, நான் போயிர்றேன்."

"அம்மிணி, இது கேக்கற எடமில்லை, கும்படற எடம்" என்றார் பூசாரி.

"பூக் கேக்கறதுக்குத்தானுங்களே வந்தோம்?"

அவள் ரத்தினசபாபதியின் முன்னால் போய் நின்றாள். "எம்புருசனைத் தொட்டிக்குள்ள எறக்குனீங்களே. அப்ப அவர் தலைமேல கை இருந்துச்சுங்களா?"

அவர் கண்கள் நிஜமாகவே கலங்கின. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பொய்யாகக் கலங்கியிருந்தால் காறித் துப்பியிருப்பாள். "இருந்திருக்கும் கண்ணு. அமைதியாத்தான் போயிருப்பான்."

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீசில் விசாரணை. அதிகாரி வெளியூர்க்காரர், கையைப் பற்றி ஜீப் டிரைவர் சொன்னதை உதட்டைச் சுழித்துக் கேட்டுக்கொண்டே வந்து இறங்கினார். அந்த உதட்டுச் சுழிப்பைப் பார்த்ததும் துளசிமணிக்கு ஒரு நம்பிக்கை துளிர்த்தது. செல்போன்களையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். டீ வேளைக்குள் முடிந்துவிட்டால் போதும் என்று அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்க, முதலாளியின் வக்கீல் நிறுத்தி நிதானமாக, குடியின் தீமைகளைப் பற்றி மத்தியானச் சாப்பாடு தாண்டியும் பேசினார். அப்புறம்தான் சென்னியப்பனைக் கூப்பிட்டார்கள்.

"தொட்டிக்குள் இறங்கும்படி இறந்தவரிடம் யாராவது சொன்னார்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"நீங்கள் அந்த இடத்தில் இருந்தீர்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சாமி."

"சென்னி!" என்று துளசிமணி எழுந்தாள். வெளியே மணி அடித்தது.

கை வந்தது. அதிகாரியின் சுழித்த உதடு முதலில் நடுங்கியது, பிறகு மலர்ந்தது, கண்ணாடிக்குள் கண்கள் மூடிக்கொண்டன. தட்டச்சு செய்த பெண்ணின் விரல்கள் எழுத்துகள் மேல் ஓய்ந்தன. வக்கீல், ரத்தினசபாபதி, வாசல் காவலர், எல்லாருடைய தலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. தூக்கத்தில் பிதற்றுவதுபோலக் கை நேரத்தில் சிலர் வாய்விட்டுப் பேசுவதை அவள் தெருக்களில் கேட்டிருக்கிறாள், கண் திறந்தால் பேசினவர்களுக்கே அது நினைவிருக்காது. இப்போது பேசினது சென்னியப்பன். கண் மூடி, பால் குடித்த பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டே பேசினான்.

"மொதலாளிதான் எறங்கச் சொன்னாரு. அண்ணன் மாட்டேன்னாரு. நாளைக்கிருந்து வேலைக்கு வர வேண்டாம்னாரு மொதலாளி. எறங்குனாரு. பாதி ஏணி ஏறி வந்துட்டாருக்கா, அண்ணன். மொகமெல்லாம் நீலமா இருந்துச்சு. கை குடுடா சென்னின்னாரு. எனக்குப் பயம். என்னையும் இழுத்துருவாருன்னு பயம். ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டேன். இன்னொருக்காக் கேட்டாரு. அப்பறங் கேக்கலை."

சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டான். முகத்தில் அத்தனை சாந்தம்.

துளசிமணி அதிகாரியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தட்டச்சுப் பெண்ணின் விரலைப் பிடித்து எழுத்துகள் மேல் அழுத்தினாள், அவளுக்குத் தெரிந்த எழுத்துகளை, தெரிந்த வரிசையில். திரையில் எதுவும் வரவில்லை, கம்ப்யூட்டரும் தூங்கிப்போயிருந்தது. எழுந்திருங்க, எழுந்திருங்க என்று அந்த அறைக்குள் அவள் கத்தியது ஊருக்கு வெளியே இருக்கும் பெட்ரோல் பங்குவரை கேட்டிருக்கும், அங்கும் கேட்பதற்கு ஆளில்லை. கை எழுந்து போனது. கண்கள் திறந்தன. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நனைந்த குரலில் தட்டச்சுப் பெண்ணிடம், "எழுதும்மா. பிற்பகலில் கை வந்தமையால் விசாரணை சற்று நேரம் நிறுத்தப்பட்டு, பின்னர் தொடர்ந்தது" என்றார்.

"ஐயா, இவன் சொல்லீட்டானுங்க. இப்பத்தான் சொன்னான். மொதலாளி எறங்கச் சொன்னாருன்னு சொன்னான், ஏணி ஏறி வந்தாருன்னு சொன்னான், கை குடுக்கலைன்னு சொன்னான்."

சென்னியப்பன் மருண்டு பார்த்தான். "நானா? நான் வாயே தொறக்கலீங்களே. கை நேரத்துல எப்படிங்க பேச முடியும்?" அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

"நீங்க யாராவது கேட்டீங்களா?" என்று அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். வக்கீல் இல்லையென்று தலையாட்டினார், தட்டச்சுப் பெண் தலையாட்டினாள், வாசல் காவலர் தலையாட்டினார். ரத்தினசபாபதி அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"உங்க எல்லார் காதும் அடைச்சிருந்துச்சுங்க. நான் ஒருத்திதான் முழிச்சிருந்தேன். இந்தக் காதால கேட்டேன். எம்புருசன் கடைசியாப் பேசுன பேச்சை இப்பத்தானுங்க கேட்டேன், அதை எழுதுங்க. கை வந்துச்சுன்னு எழுதுனீங்களே, அதை இங்க யாரு கண்ணால பார்த்தா? நீங்க உணர்ந்தேன்னு சொன்னீங்க, எழுதியாச்சு. நான் கேட்டேன்னு சொல்றேன், அதை எழுத மாட்டீங்களா?"

அதிகாரி கெட்டவர் இல்லை. எழுந்து வந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அவள் குடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"அது எல்லாருக்கும் வந்ததும்மா. இது உங்க ஒருத்தருக்கு மட்டும்தானே கேட்டிருக்கு."